சூடும் சுமையும்: கொங்கு நாட்டுப் பிள்ளைப்பேற்று நம்பிக்கைகள்

கொங்கு நாட்டில் ஒரு பெண் கருவுற்றது முதல் பிள்ளையோடு புகுந்த வீடு திரும்புவது வரை அவளைச் சூழ்ந்து நிற்கும் நம்பிக்கைகளை மூடத்தனம் என்று ஒதுக்குவோரும் உண்டு, முன்னோர் கண்ட அறிவியல் என்று கொண்டாடுவோரும் உண்டு. இரு சாராரும் அவற்றை ஆராயாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். உற்று நோக்கினால் அந்த நம்பிக்கைகள் கருவைப் பற்றிப் பேசுவது குறைவு. பேற்றின் ஆபத்து, செலவு, பழி ஆகிய மூன்றையும் யார் தலையில் வைப்பது என்பதே அவற்றின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் கேள்வியாகும். சில வழக்கங்கள் அந்தச் சுமையைத் தாய்வீடு, தெய்வம், ஊர் எனப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தன; வேறு சில, எல்லாவற்றையும் அவள் ஒருத்தி மீதே ஏற்றின. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பதற்குச் சீன மரபோடு வைத்துப் பார்ப்பது உதவும். ஏனெனில் உடலின் சூடு, குளிர்ச்சி என்னும் கணக்கிலும், மாதக் கணக்கிலும், நாள்கோள் கணக்கிலும் இவ்விரு மரபுகளும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வந்து, தீட்டு என்னும் இடத்தில் வேறு வேறு வழியில் பிரிந்து போகின்றன.

கோவை உக்கடத்திலிருந்து பேரூருக்கும் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் சாலைகள் பிரிகின்றன. பேரூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் வரும் பட்டீசுவரர் கோயிலின் அதிசயங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுவது பிறவாப் புளி. அதன் விதை முளைப்பதில்லை என்றும், அங்கு வழிபட்டவருக்கு மறுபிறப்பு இல்லை என்றும் நம்புகின்றனர். பிறவாமையை வரமாகக் கேட்கும் அந்தக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும், பிறப்பை வரமாகக் கேட்டு அரசும் வேம்பும் இணைந்த மரத்தடிகளில் பெண்கள் நட்டுவைத்த நாகர் கற்கள் மஞ்சள் பூசி நிற்கின்றன. சைவ நூல்கள் பிறவியைப் பிணி என்கின்றன. குடும்பமோ பிறவாமையைத்தான் பிணி என்கிறது. இந்த முரண்பாடு கொங்கு மக்களை ஒருநாளும் தொல்லைப்படுத்தியதாகத் தெரியவில்லை.

பிள்ளையின்மைக்குக் கொங்கு நாடு தரும் விளக்கத்தை அண்ணன்மார் கதையில் காணலாம். பொன்னர்-சங்கர் கதை என்றும் வழங்கும் இந்த வாய்மொழிக் காப்பியத்தை, 1964 முதல் 1966 வரை காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் பாடகர் வாயிலாக ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றித் தனி நூலும் எழுதினார். அவர் பதிவுசெய்த வடிவத்தில், அண்ணன்மாரின் தந்தை குன்னுடையாரின் மனைவி தாமரைக்கு நெடுநாள் பிள்ளை இல்லாததற்குக் காரணம் அவள் உடலில் இல்லை. முந்திய தலைமுறையில் பசுக்கள் மாண்ட பழி குடும்பத்தின் மீது சாபமாக நிற்கிறது. ஆண்களின் செயலால் வந்த பழியைத் தீர்ப்பதற்காக 21 ஆண்டு தவம் இருப்பவளோ தாமரை. நோய்க்காரணத்தைக் குலத்தின் மீது வைத்துவிட்டு மருந்தை மட்டும் பெண்ணுக்குப் புகட்டும் இந்த ஏற்பாடு, காப்பியத்தோடு முடிந்துபோகவில்லை. பிள்ளை இல்லாதவனின் காடு பங்காளிகளுக்குப் போய்ச் சேரும் என்பதால் பங்காளிகளின் பகையும் கதை முழுதும் ஓடுகிறது. கொங்குக் குடியானவர் வீட்டில் மலடி என்ற சொல் ஏன் அவ்வளவு கூர்மையாகப் பாய்ந்தது என்பதை நிலவுரிமையைக் கணக்கில் எடுக்காமல் விளங்கிக்கொள்ள முடியாது.

திருச்செங்கோட்டு மலையுச்சியில் வறடிக்கல் என்றொரு பாறை உண்டு. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அதைச் சுற்றிவருவது வழக்கமாக இருந்தது. சுற்றும் வழி மிகக் குறுகியது, கால் இடறினால் பள்ளம். ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் உறையும் மலையில், பிள்ளைக்காக உயிரைப் பணயம் வைத்துச் சுற்றுபவள் பெண் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவல், பிள்ளையில்லாத தம்பதியரைச் சுற்றியிருக்கும் ஊரின் பேச்சையும் இத்தகைய வேண்டுதல்களையும் புனைவாக எழுதியது. 2014 டிசம்பரில் எழுந்த எதிர்ப்பு எழுத்தாளரையே எழுத்தைத் துறப்பதாக அறிவிக்கச் செய்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிள்ளையில்லாத பெண் திருவிழா இரவில் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம் என்று நாவலில் வரும் வழக்கம் வரலாறா, கற்பனையா என்ற விவாதத்தில் எல்லோரும் மூழ்கியதால், அதன் மையமான செய்தி, அதாவது பிள்ளையில்லாத பெண்ணுக்கு ஒவ்வொரு விருந்தும் ஒவ்வொரு சீரும் ஓர் அவமானமாக முடிந்தது என்பது, பேசப்படாமலே போயிற்று. இன்று கோவை, ஈரோடு நகரங்களில் கருத்தரிப்பு மையங்களின் பலகைகள் பெருகிவிட்டன. 2021இல் இதற்கென நடுவண் அரசின் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் மையத்துக்குச் செல்லும் வழியிலேயே கோயில் மரத்தில் சிறிய மரத்தொட்டில் கட்டிச் செல்வோர் குறையவில்லை. அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழி அவசரத்தைத்தான் கேலி செய்தது, சுற்றுவதை அன்று.

கருவுற்றபின் ஆட்சி செய்வது சூடு. கொங்குச் சடங்குகளில் நிறமும் வெப்பமும் பெறும் இடத்தைப் பற்றிப் பெக் 1969இல் ‘மேன்’ என்னும் மானிடவியல் இதழில் எழுதிய கட்டுரை, சிவப்பு வெப்பத்தையும் வெண்மை குளிர்ச்சியையும் குறிப்பதாகவும், வெப்பம் ஆக்கத்துக்கு வேண்டிய ஆற்றலாக இருந்தும் கட்டுக்கடங்காவிட்டால் அழிப்பதாகவும், ஆகவே சடங்குகள் வெப்பத்தைக் குளிர்ச்சியால் முன்னும் பின்னும் அணைகட்டி நிறுத்துவதாகவும் காட்டியது. பிள்ளைத்தாய்ச்சி பப்பாளி, அன்னாசி, எள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்னும் விலக்கு இந்தக் கணக்கில் எழுந்தது. சூடான உடலில் மேலும் சூடேறினால் கரு தங்காது. பிள்ளை பிறந்ததும் கணக்கு தலைகீழாகிறது. குருதி இழந்த உடல் குளிர்ந்துபோனதாகக் கொள்ளப்படுவதால், நேற்றுவரை விலக்கிய நல்லெண்ணெய் இன்று மருந்தாகிறது.

உக்கடத்துக்கு வடக்கே பெரியகடை வீதியையும் ரங்கே கவுடர் வீதியையும் ஒட்டிய பகுதியின் நாட்டு மருந்துக் கடைகளில் பிரசவ மருந்து என்று கேட்டால் கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தில் இந்த மாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வேறு சில வேர்கள். இவற்றை இடித்துச் சலித்துக் கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிளறினால் லேகியம். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருட்டித் தருவார்கள். மிளகும் சீரகமும் மல்லியும் முதலான செலவுச் சாமான்களைக் கொண்டு வைக்கும் கொங்கு நாட்டுச் செலவு ரசமும், பால் ஊறுவதற்காகச் சுட்டோ வதக்கியோ தரும் பூண்டும் பத்தியத்தில் சேரும். தைவானிலும் தென்சீனத்திலும் பிள்ளை பெற்றவளுக்குத் தரும் உணவைப் பார்த்தால் இதே தர்க்கம் வேறு சமையலறையில் நடப்பது தெரியும்: எள்ளெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் சேர்த்துச் சமைத்த கோழி, அல்லது இஞ்சியும் இனிப்புக் காடியும் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்த பன்றிக்கால். சீனர் இந்தப் பத்திய காலத்தை மாதம் இருத்தல் என்னும் பொருளில் வழங்குகின்றனர். குளிர்ந்த நீரைத் தொடாமல், காற்றுப்படாமல், தலைக்குக் குளிக்காமல் தாய் முப்பது நாள் அறைக்குள் இருக்க வேண்டும். சென் ஸிமிங் 1237இல் தொகுத்த மகளிர் மருத்துவ நூல் முதலாகப் பிள்ளைபெற்ற தாயைப் பேணுவது சீன மருத்துவத்தில் தனித் துறையாகவே வளர்ந்தது. காதில் பஞ்சடைத்துத் தலையில் துணிகட்டி, வெந்நீர் மட்டுமே தொட்டு இருக்கும் கொங்குத் தாய்க்கு அந்த அறை அந்நியமாகத் தோன்றாது. இந்த ஓய்வு உண்மையில் எல்லோருக்கும் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. கூலிக்காரி பிள்ளை பெற்ற சில நாளிலேயே களையெடுக்கப் போனாள் என்பதைப் பத்தியத்தின் பெருமை பேசுவோர் சொல்வதில்லை.

கருவை மாதம் மாதமாகப் பிரித்து நோக்கும் வழக்கமும் இரு மரபுக்கும் பொது. சீனத்தின் மாவாங்துய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது பட்டுத்துணியில் எழுதிய கருநூல் ஒன்று கிடைத்தது. பத்து மாதமும் கரு எவ்வாறு உருப்பெறுகிறது, தாய் எதை உண்ண வேண்டும், மூன்றாம் மாதத்தில் உருவம் உறுதிப்படாத நிலையில் அவள் யாரைப் பார்க்க வேண்டும் யாரைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் அது விதிக்கிறது. நஞ்சுக்கொடியைப் புதைக்கும் திசைகளுக்கு வரைபடமும் தருகிறது. தமிழில் மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் அதேபோல் மாதந்தோறும் கருவுக்கு நேரும் ஆபத்துகளை அடுக்குகிறார். நோக்கமோ முற்றிலும் வேறு. சீன நூல் நல்ல பிள்ளையைப் பெறுவதற்கான கையேடு. அகவல் பிறவியின் துன்பத்தைக் காட்டி விடுதலையைக் கேட்கும் பாடல். கருவறையிலேயே கல்வி தொடங்குகிறது என்னும் எண்ணத்தைச் சீனர் சூ குலத்து வென் அரசனின் தாய் தாய்ரென் கதையாலும், தமிழர் வயிற்றிலிருந்தே வியூகம் கற்ற அபிமன்னன் கதையாலும் விளக்கினர். பிள்ளைத்தாய்ச்சியின் கட்டிலுக்கு எதிரே சிரிக்கும் குழந்தையின் படத்தை மாட்டிவைக்கும் இன்றைய வழக்கம் மாவாங்துய் நூலாசிரியருக்கு உடனே புரிந்திருக்கும்.

மனைவி கருவுற்றிருக்கும்போது வீட்டை இடித்துக் கட்டக்கூடாது, புதுவீடு தொடங்கக்கூடாது, கணவன் பாம்பை அடிக்கக்கூடாது, பிணம் சுமக்கக்கூடாது என்னும் விலக்குகள் தமிழகம் முழுவதும் உண்டு. சீன மரபில் இதற்கு விரிவான விளக்கமே இருக்கிறது: கருவுக்கு உரிய தெய்வம் ஒன்று நாளுக்கு ஓரிடமாக வீட்டுக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது, அது இருக்கும் இடத்தில் ஆணி அடித்தாலோ கட்டிலை நகர்த்தினாலோ கரு ஊறுபடும், அன்றைக்கு அது கதவருகிலா அடுப்பருகிலா என்பதை அவர்களுடைய பஞ்சாங்கமே அச்சிட்டுத் தருகிறது. விளக்கம் எதுவாயினும் பயன் ஒன்றுதான். அவள் பளு தூக்க வேண்டியதில்லை, வீட்டில் தூசியும் கூச்சலும் இல்லை, கணவனும் சில கட்டுப்பாடுகளுக்கு உட்படுகிறான். சுமையைப் பிரித்து வைத்த வழக்கங்களுள் இதையும் சேர்க்கலாம்.

கொங்குக்கே உரிய கட்டுச்சோறும் அத்தகையதே. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ தாய்வீட்டார் புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு எனப் பலவகைச் சோறு கட்டிவந்து, சம்பந்தி வீட்டாருக்கும் உறவுக்கும் விருந்து வைத்துப் பெண்ணை அழைத்துச் செல்கின்றனர். மாமியார் வீட்டு அடுப்பிலிருந்து விலகித் தாயின் கையில் உண்ணும் உரிமையை ஊரறிய நிலைநாட்டுவது இந்த விருந்து. ஆனால் தலைப்பிள்ளையின் செலவு பெண்வீட்டாரைச் சேர்ந்தது என்பதையும் அதே விருந்து ஊரறிய எழுதிவிடுகிறது. சீர் பெருகப் பெருக, அன்பின் விருந்து கடனின் விருந்தாயிற்று. தமிழக அரசு அங்கன்வாடிகள் வழியாக நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவைச் சோறும் சாதி பாராமல் ஒரே பந்தியில் பரிமாறப்படுவதை, இந்த மரபின் நல்ல பாதியை மட்டும் பிரித்தெடுத்த முயற்சி என்று சொல்லலாம்.

காலத்தைப் பற்றிய நம்பிக்கை சுமையை மீண்டும் பெண்ணிடம் கொண்டுவருகிறது. ஆடியில் கருவுற்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று கூறிப் புதுமணப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுகின்றனர். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் அதே குடியானவர் மரபு மருமகளுக்கு மட்டும் அந்த மாதத்தை விலக்கியது. காட்டுவேலை மிகுந்த மாதத்தில் கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதும், கோடை வெயிலில் பேறு நேராதிருப்பதும் வசதிதான். என்றாலும் தவறிச் சித்திரையில் பிறந்துவிட்ட பிள்ளையின் பழி தாய்க்கே போயிற்று. சீன நாள்காட்டியின் அறுபதாண்டுச் சுழற்சி, தமிழ் ஆண்டுகளின் அறுபதைப் போலவே, பிறப்பை ஆள்கிறது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனைக் கெடுப்பாள் என்ற நம்பிக்கை ஜப்பானில் வேரூன்றியதால், 1965இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த அந்நாட்டின் பிறப்புகள், அவ்வாண்டான 1966இல் 13.6 லட்சமாகச் சரிந்தன. தமிழகத்தில் நாள்கோள் நம்பிக்கைக்கு இன்று அறுவை அரங்கம் துணை செய்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தன, 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள், நாட்டின் சராசரியோ 21.5. இவற்றில் எத்தனை சோதிடர் குறித்த நேரத்துக்காக நடந்தவை என்று பிரித்தெடுக்க வழியில்லை. அந்த வழக்கம் உண்டு என்பதை மறுப்போரும் இல்லை.

ஆண்பிள்ளை விருப்பத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆணா பெண்ணா என்பதை மூச்சு ஓடும் நாசியைக் கொண்டு திருமந்திரம் விளக்கியது, மூன்றாம் மாதத்தில் மாற்றலாம் என்று சீனக் கருநூல் சொன்னது. இரண்டும் யாரையும் கொல்லவில்லை. கருவியால் பார்க்க முடிந்தபோது அந்த விருப்பம் கருக்கொலையாகவும் ஆயிற்று. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகளே இருந்தனர். 1992இல் அங்கு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தும் நிலை அதுதான். சீனத்தில் 2010 கணக்கெடுப்பு, நூறு பெண் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 118 ஆண் பிறப்புகளைக் காட்டியது.

பேற்றுக்குப் பின்வரும் தீட்டு எல்லாச் சமயத்தாருக்கும் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, தலைமாட்டில் இரும்பு வைப்பது, நாள் எண்ணித் தலைக்கு ஊற்றுவது ஆகியவை இந்துக் குடும்பங்களின் வழக்கம். உக்கடம், கோட்டைமேடு முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு ஓதி, ஏழாம் நாள் முடியிறக்கி, தாய்க்கு நாற்பது நாள் கணக்கு வைக்கின்றனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் மாப்பிள்ளைப் பெண்கள் நல்ல பேறு வேண்டி நபீசத்து மாலை ஓதிவந்தனர். மருத்துவமனைக்கு முந்திய தலைமுறைகளில் கொங்குக் கிராமங்களில் பேறு பார்த்தவர் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சி. கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் அந்தக் குலத்துக் குடிமகன். பிள்ளையை ஏந்துபவர் அந்தக் குடும்பத்துப் பெண். பிள்ளை கையில் வந்ததும் அந்தக் கைக்குத் தீட்டு என்று கூறிக் கூலியாகத் தவசமும் பழைய சேலையும் எட்ட நின்று கொடுத்த நன்றிகேட்டை எந்த மரபுப் பெருமையாலும் மறைக்க முடியாது. அவர்கள் அறிந்த மூலிகையும் கைப்பக்குவமும் பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிட்டன. எழுதப்படுபவையோ வேறு வகை: தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்த வழக்கம் பழந்தமிழரின் ஸ்டெம் செல் வங்கி என்று இன்று பரப்பப்படுகிறது. உலர்ந்த கொடியில் உயிருள்ள உயிரணு எதுவும் எஞ்சாது. அது பிள்ளைக்குக் காப்பு, அவ்வளவே.

தீட்டைப் பொறுத்தவரை சீன மரபு சென்ற தொலைவு அதிகம். சோங் பேரரசுக் காலம் முதல் அங்கு பரவிய குருதிக்கிண்ணச் சூத்திரம் என்னும் சிறுநூலின்படி, பேற்றுக் குருதி நிலத்திலும் நீரிலும் கலந்து, அந்த நீரில் காய்ச்சிய தேநீர் புனிதருக்குப் படைக்கப்பட்டதால், பிள்ளை பெற்ற பெண்கள் இறந்தபின் குருதிக் குளத்தில் வீழ்ந்து கிடக்கின்றனர். அவர்களை மீட்பது பிள்ளைகளின் கடன். தைவான் கிராமங்களில் தாயின் இறுதிச் சடங்கில் மகன் சிவப்பு நிற நீர்மத்தைக் குடித்து அவளுடைய பங்கைத் தான் குடித்ததாகக் காட்டும் சடங்கை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். தன்னைப் பெற்ற குற்றத்துக்காகத் தாய் தண்டனை பெறுகிறாள், மகன் அதை அடைக்கிறான்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணைத் தமிழ் மரபு வேறு விதமாக நினைத்தது. அவளுடைய உயிர் சுமையை இறக்கிவைக்க முடியாமல் தவிக்கிறது என்று நம்பி, அவள் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டனர். செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்காக ஒரு பலகைக்கல். உயரம் ஆளின் தோள் மட்டம். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர் குனியாமலும் பிறர் கைகொடுக்காமலும் மூட்டையைக் கல்லின்மேல் நகர்த்தி வைக்கலாம், இளைப்பாறியபின் தலையைக் கொடுத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வழிப்போக்கரும் இறக்கிவைக்கும் பாரத்தோடு இறந்தவளின் பாரமும் சிறிது இறங்குகிறது என்பது நம்பிக்கை. சில கற்களில் அவள் பெயரும், நட்டவர் பெயரும், ஆண்டும் வெட்டியிருக்கும். இங்கே குற்றம் என்ற பேச்சு இல்லை, மீட்பதற்கு மகனும் தேவையில்லை. முன்பின் அறியாத கூலிக்காரரும் வியாபாரியும் அவளுக்கு உதவினர். பிள்ளைப்பேற்றைச் சுற்றித் தமிழர் உண்டாக்கிய வழக்கங்கள் அனைத்திலும், ஊருக்குப் பயன்பட்டதும் அவளைப் பழிக்காததும் இது ஒன்றே என்று துணிந்து கூறலாம். உயிரோடிருந்தபோது அவளுக்குக் கிடைக்காத அந்தப் பரிவு இறந்தபின் கிடைத்தது என்னும் குறையும் அதில் உண்டு.

2018–20 கணக்கின்படி தமிழகத்தில் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். நாட்டின் அளவு 97. புதிய சுமைதாங்கிகளுக்குத் தேவை குறைந்துவிட்டது, தலைச்சுமையும் வண்டிகளுக்கு மாறிவிட்டது. நிற்கும் கற்களைச் சாலை விரிவாக்கப் பணிகள் பெயர்த்துத் தள்ளுகின்றன. பேற்றில் இறந்த சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைக் கல்லில் வைத்திருக்கும் பதிவு தமிழில் இதைப்போல் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலைத் துறையும் தொல்லியல் துறையும் இக்கற்களைப் பெயர்க்கும் முன் எழுத்துகளைப் படியெடுத்து, சாலையோரத்திலேயே மாற்றி நடுவதை விதியாக்க வேண்டும்; தத்தம் ஊர்ச் சாலையில் ஒரு கல் நிற்பதை அறிந்த வாசகர்கள் அதில் உள்ள பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதி வைப்பது நல்லது.